அத்தியாயம் 6: நம்ம ஆளை நாமதான் சொல்லணும்

சென்னையும் பெங்களூரும் மோதுகிற ஐ.பி.எல். இரவுகளில் கோலார் தங்கவயலின் கோரமண்டலில் மஞ்சள் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஒரே லைனில் அடுத்தடுத்த வாசல்களில் உட்கார்ந்திருக்கும். சில வீடுகளில் ஒரே திண்ணையில். சென்னையிலோ சேலத்திலோ இப்படி ஒரு காட்சி எளிதில் அகப்படாது. தங்கச் சுரங்க வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்களின் நான்காம் தலைமுறை இங்கே வளர்கிறது. வீட்டில் பேசுவது தமிழ், அரசு அலுவலகத்தில் நிரப்பும் படிவம் கன்னடம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பத்தில் கிளம்பி சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் ரயில்தான் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுகிறது. நெஞ்சு சேப்பாக்கத்திலும் வயிறு சின்னசாமி மைதானத்துப் பக்கமுமாக வாழ்கிற ஊர் இது. அதனால் இங்கே யாருக்கும் அணி பிறப்பிலேயே வந்துவிடுவதில்லை. ஒவ்வொருவரும் யோசித்தோ யோசிக்காமலோ தேர்ந்தெடுத்துக்கொண்டது. சேர்ந்து ஆட்டம் பார்க்கும் குழுவுக்கு இடம், திரை, மின்சாரம், நாற்காலி பிடிப்பது பற்றி முந்தைய அத்தியாயங்கள் பேசின. இந்த அத்தியாயம் வாயைப் பற்றியது.

வாய்க்குத் தனி அத்தியாயமா என்று கேட்கலாம். நாற்காலி உடைந்தால் வாடகைக் கடைக்குப் பணம் கட்டி முடித்துவிடலாம். வாயால் உடைந்ததற்கு அப்படி ஒரு ரசீது கிடையாது. அதிலும் தங்கவயலில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அணிச் சண்டை இங்கே இரண்டே வாக்கியத்தில் மொழிச் சண்டையாகிவிடும். காவிரித் தகராறில் 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டது இந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் செய்தித்தாள் சமாச்சாரம் அல்ல. அங்கே சொந்தக்காரர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. 2018 ஏப்ரலில் அதே காவிரியின் பெயரால் சேப்பாக்கத்தில் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. சென்னை அணியின் மிச்சமிருந்த சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. கிரிக்கெட்டுக்கும் கிருஷ்ணராஜசாகர் அணைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கூட்டம் கூடினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மற்ற ஊரில் ‘நீ எந்த டீம்?’ என்பது வெறும் விளையாட்டுக் கேள்வி. இங்கே அதற்குள் ‘நீ யார் பக்கம்?’ என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. குழு நடத்துகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, கலாய்ப்பதையே நிறுத்திவிடுவது. அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். கலாய்ப்பு இல்லாத ஆட்டம் உப்பில்லாத களி. தோற்றவனை ஓட்டுவதும், ஓட்டியவன் அடுத்த வாரம் மாட்டிக்கொள்வதும்தான் தனியாகக் கைப்பேசியில் பார்க்க முடிந்த ஆட்டத்தைப் பத்துப் பேரோடு பார்க்க வைக்கின்றன. கலாய்ப்பு இருக்கட்டும். அதற்கு ஒரு எல்லை வேண்டும். அந்த எல்லையைக் கலாய்க்கிறவனின் சொந்தப் பக்கத்து ஆள்தான் காக்க வேண்டும். எதிர் அணிக்காரனோ போலீஸோ ஊர்ப் பெரியவரோ காத்தால் அது நிற்காது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது இவ்வளவே. மிச்சமெல்லாம் அதற்கான காரணங்களும், அதன் மேல் வரும் கேள்விகளுக்கான பதில்களும்.

எல்லை எங்கே என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் இரண்டு நண்பர்கள் குடித்துக்கொண்டே கிரிக்கெட் பேசினார்கள். கோலியா ரோகித்தா என்று ஆரம்பித்த பேச்சு கொலையில் முடிந்தது. அப்போது வந்த பெரும்பாலான செய்திகளும் ‘கிரிக்கெட் வாக்குவாதத்தில் கொலை’ என்ற தலைப்போடு நின்றுவிட்டன. செய்திக்குள் போய்ப் படித்தால் வேறொன்று தெரியும். கோலியின் ரசிகரான நண்பருக்குப் பேச்சில் திக்கல் உண்டு. அந்தத் திக்கலையும் கோலியின் அணியையும் சேர்த்து மற்றவர் கேலி செய்தார் என்பதுதான் போலீஸ் சொன்னதாக வெளிவந்த விவரம். அடித்துக் கொன்றதை எந்தக் கேலியும் நியாயப்படுத்தாது; அதில் பேசுவதற்கே ஒன்றுமில்லை. நாம் கவனிக்க வேண்டியது பேச்சு தடம் மாறிய இடம். கோலி சரியாக ஆடவில்லை என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. பெங்களூர் இத்தனை வருஷமாகக் கோப்பை வாங்கவில்லை என்பதும் ஆட்டத்தைப் பற்றியதுதான், கொஞ்சம் உறைப்பாக. ‘உன் நாக்கைப் போலத்தான் உன் டீமும்’ என்கிற ரகப் பேச்சு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பற்றியது. அணியை அவன் மாற்றிக்கொள்ளலாம், நாக்கை மாற்றிக்கொள்ள முடியாது. ஒருவன் தேர்ந்தெடுத்ததைக் கிண்டல் செய்யலாம். அவன் தேர்ந்தெடுக்காததை, அதாவது உடம்பை, சாதியை, மதத்தை, தாய்மொழியை, பெற்றவர்களை, தொடக்கூடாது. ஒரு குழுவுக்கு எழுதி ஒட்ட ஒரே விதிதான் வேண்டுமென்றால் இதை ஒட்டலாம்.

விதி எழுதுவது சுலபம், காப்பவர் யார் என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு காட்சியை நினைவுபடுத்த வேண்டும். 2019 ஜூன் 9, லண்டன் ஓவல் மைதானம், உலகக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஓராண்டுத் தடை முடித்துத் திரும்பியிருந்த ஸ்டீவ் ஸ்மித் எல்லைக்கோட்டருகே நின்றபோது இந்திய ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த விராட் கோலி ரசிகர் பக்கம் திரும்பி, கைதட்டுங்கள் என்று சைகை செய்தார். அந்த ஆண்டுக்கான ஐ.சி.சி.யின் ‘கிரிக்கெட் உணர்வு’ விருது அவருக்கு இதற்காகத்தான் கிடைத்தது. அதே சைகையை ஆஸ்திரேலியத் தலைவர் ஆரோன் ஃபின்ச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூச்சல் இரண்டு மடங்காகியிருக்கும். எதிராளி திருத்த வந்தால் அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. தாக்குதல் என்றே எடுத்துக்கொள்கிறோம். நம்ம ஆள் சொன்னால்தான் அது காதில் விழுகிறது. ‘அவன் கோலி, சொல்வான், நான் சொன்னால் எவன் கேட்பான்?’ என்று நீங்கள் நினைக்கலாம். கோலிக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரனின் பெயர் உங்களுக்குத் தெரியும், அவன் அம்மாவையும் தெரியும்.

மேலிருந்து வரும் காவல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் ஒரு சாட்சியம் உண்டு. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் முகமது சிராஜ், கூட்டத்திலிருந்து தன்னை நோக்கி வசை வருவதாக நடுவரிடம் புகார் செய்தார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. போலீஸ் வந்து ஆறு பேரை வெளியே அனுப்பியது. பலரும் அந்தப் படத்தைப் பார்த்து, நடவடிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சினார்கள். பிறகு கிரிக்கெட் ஆஸ்திரேலியா நடத்திய விசாரணையில், இந்திய வீரர்கள் இனவசைக்கு ஆளானது உண்மைதான் என்று உறுதியானது. வெளியே அனுப்பப்பட்ட அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்ல என்பதும் தெரிந்தது. வசை பாடியவன் கூட்டத்துக்குள்ளேயே நழுவிவிட்டான். அவன் யாரென்று மைதானத்துக் கேமராவுக்குத் தெரியவில்லை, போலீஸுக்குத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கங்களின் ஊரில் இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. விரிசல் சத்தம் மேலே அலுவலகத்தில் இருப்பவருக்குக் கேட்காது. பக்கத்தில் நிற்பவன் காதில்தான் முதலில் விழும்.

சொந்தக் கூட்டமே தன்னை நடத்திக்கொண்டதற்கு 1999 ஒரு நல்ல பாடப்புத்தகம். அந்த ஜனவரி 31-ஆம் தேதி சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் எடுக்க வேண்டிய இந்தியா, முதுகுவலியோடு சச்சின் அடித்த 136-க்குப் பிறகும், 258-இல் ஆட்டமிழந்து 12 ரன்னில் தோற்றது. அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அதை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் அதே இரண்டு அணிகள் ஆடின. ஷோயப் அக்தருடன் மோதிய சச்சின் ரன் அவுட் ஆனார்; கூட்டம் கொந்தளித்தது. கடைசி நாளில் அரங்கைக் காலி செய்துவிட்டு, ஏறக்குறைய ஆளில்லாத மைதானத்தில் பாகிஸ்தான் வென்று முடித்தது. மூன்று ஆண்டுக்கு முன், 1996 மார்ச் 13-இல், அதே ஈடனில் உலகக் கோப்பை அரையிறுதி பாட்டில் வீச்சிலும் தீயிலும் நின்றுபோய், 120-க்கு 8 விக்கெட் என்றிருந்த நிலையில் ஆட்டம் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது.

இதிலிருந்து ‘சென்னை அறிவாளி ஊர், கொல்கத்தா கலாட்டா ஊர்’ என்ற முடிவுக்குத் தாவுவது நமக்கு மிகவும் பிடித்த தவறு. அந்தக் கைதட்டலை நினைத்துத் தமிழர்கள் கால் நூற்றாண்டாகத் தோளைத் தட்டிக்கொள்கிறோம். அதே சேப்பாக்கத்தில்தான் 2018-இல் செருப்பு விழுந்தது என்பதை அந்தச் சமயத்தில் வசதியாக மறந்துவிடுகிறோம். ஊரின் ரத்தத்தில் ஒழுக்கம் இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட மாலையில் முதலில் எழுந்து நிற்பவர் என்ன செய்கிறார் என்பதை மற்றவர் பார்க்கிறார்கள்; கைதட்டினால் கைதட்டல் பரவும், பாட்டில் எறிந்தால் பாட்டில் பரவும். கூட்டத்தில் பெரும்பாலோர் எதற்கும் துணிந்தவர்களும் அல்லர், எதையும் தடுப்பவர்களும் அல்லர், காத்திருப்பவர்கள். முதல் ஆள் யார் என்பதை விதிக்கு விட்டுவிடாமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள முடியும் என்பதுதான் இந்தக் கையேட்டுக்கு வேண்டிய சேதி.

ஏற்பாடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு முன்பே மஞ்சள் பக்கம் இரண்டு பேர், சிவப்புப் பக்கம் இரண்டு பேர் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தலைவர்கள் அல்லர், பதவிப் பெயரும் வேண்டாம். பெயர் கொடுத்தால் அடுத்த வாரம் பேனரில் படம் வந்துவிடும். குரல் பெரிதாக உள்ளவரைவிட, எல்லோரையும் நன்றாக ஓட்டத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கலாய்க்கத் தெரியாதவன் ‘கலாய்க்காதே’ என்றால் பொறாமை என்பார்கள். இவர்களுக்கு உள்ள வேலை ஒன்றுதான்: தன் பக்கத்து ஆள் எல்லை தாண்டினால் உடனே, தணிந்த குரலில், அவன் அருகே போய்ச் சொல்வது. எதிர்ப்பக்கத்து ஆள் தாண்டினால் இவர் அவனிடம் பேசக்கூடாது. அந்தப் பக்கத்துச் சகாவைப் பார்த்துக் கண் காட்டினால் போதும். மஞ்சளை மஞ்சள், சிவப்பைச் சிவப்பு. இந்த ஒரு ஒழுங்கு மட்டும் நிலைத்துவிட்டால் முக்கால்வாசிச் சண்டை மூளும் முன்பே அணைந்துவிடும்.

என்ன சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். ‘ஏன்டா அசிங்கமா பேசுற?’ என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால் அவன் தன் மானத்தைக் காக்க இன்னும் அசிங்கமாகப் பேசியாக வேண்டும். நீங்களே அவனை அந்த மூலைக்குத் தள்ளிவிட்டீர்கள். ‘மச்சா, டீமை விட்டுட்டு ஆளுக்குப் போயிட்ட, திரும்பி வா’ என்றால் திரும்பி வர வழி இருக்கிறது. மூத்தவராக இருந்தால் ‘அண்ணா, வேற மேட்டருக்குப் போகுது, விட்ரலாம்’ என்று முடித்துக்கொள்ளலாம். உபதேசம் இரண்டாவது வாக்கியத்திலேயே தோற்றுவிடும். சிரித்துக்கொண்டு சொல்வது தப்பில்லை, ஆனால் சிரித்துச் சமாளித்துவிட்டுச் சொல்லாமல் விடுவது தப்பு. மௌனத்தை அவன் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வான், எதிரே இருப்பவனும் அப்படியே எடுத்துக்கொள்வான்.

கலாய்ப்புக்கும் எல்லைக்கும் நடுவே ஒரு மங்கலான பகுதி இருக்கிறது என்று இங்கே ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். எடுத்துக்காட்டாக, ‘ஈ சாலா கப் நம்தே’. இந்த ஆண்டு கோப்பை நமக்கே என்ற அந்தக் கன்னட வாக்கியத்தை, பெங்களூர் ஒவ்வொரு முறை தோற்றபோதும் சென்னை ரசிகர்கள் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். 2025 ஜூன் 3-இல் பெங்களூர் பதினெட்டாவது முயற்சியில் கோப்பையை வாங்கியதும் ‘நம்து’, நம்முடையது, என்று முடிவெழுத்து மாறி அதே வாக்கியம் திருப்பியடித்தது. இதைவிட அழகான கலாய்ப்பு வருவது அபூர்வம். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சிரிப்பதில் தவறே இல்லை. ஆனால் அதையே வாயைக் கோணிக்கொண்டு, கன்னடம் பேசுவது இப்படித்தான் என்று பழித்துக்காட்டுகிற தொனியில் சொன்னால், சிரிப்பு கோப்பையை விட்டு மொழிக்குப் போய்விட்டது. எழுத்து ஒன்றுதான், இழுக்கிற இழுப்பு வேறு. ‘தமிழன்னா ஊருக்குப் போடா’ என்று அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கும் இதே அளவுகோல்தான். நூறு ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் பூமிக்கடியில் உழைத்தவர்களின் பேரனிடம் அதைச் சொல்வது எந்த ஸ்கோரைப் பற்றியதும் அல்ல. மங்கலாக இருக்கும் இடத்தில் ஒரு சோதனை உதவும்: இதே வாக்கியத்தை, நாளைக் காலை ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத கன்னடக்காரர் காதுபடச் சொல்வாயா? சொல்லத் தயங்கினால் இங்கேயும் வேண்டாம்.

சாதி விஷயத்தில் மங்கலே கிடையாது. 2021 ஜூலை 31-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கு நாள் கழித்து இந்தியா அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்று ஹரித்வார் அருகே ரோஷ்னாபாதில் உள்ள அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அணியில் தலித் பெண்கள் அதிகமாக இருப்பதால்தான் தோற்றது என்றார்கள் என்பது குடும்பத்தின் புகார். தங்கவயலின் உழைப்பில் பெரும்பங்கு ஆதிதிராவிடர்களுடையது என்பதால், இப்படிப்பட்ட சொற்கள் இங்கே எத்தனை வீட்டு வாசலைத் தொடும் என்று விளக்க வேண்டாம். இதற்கு மட்டும் காதருகே போய்த் தணிந்து சொல்லும் முறை பொருந்தாது. சொன்னவர் அந்த இரவு வீட்டுக்குப் போக வேண்டும், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க விரும்பினால் குழு சாட்சியாக நிற்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும் குற்றத்தை ‘நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று மூடுவதற்குத் தற்காவல் என்று பெயரில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. எங்களைக் கண்காணிக்க நீ யார்? இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. தங்கம் திருடு போகாமல் காக்கவென்று, ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவனை உடம்பைத் தடவிச் சோதித்த ஊர் இது. 1930-இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சந்தேகிக்கப்படுவது எவ்வளவு கேவலம் என்று தாத்தாக்கள் வழியே அறிந்த கூட்டத்திடம், இன்னொரு சோதனைச் சாவடியை யாரும் விற்க முடியாது. அதனால் அந்த நான்கு பேருக்கு என்ன அதிகாரம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கை ஓங்கக்கூடாது. யாரையும் படமெடுத்துப் பரப்பக்கூடாது. கைப்பேசியை வாங்கிப் பார்க்கக்கூடாது. ஆட்டத்துக்கு வெளியே அவன் என்ன பேசினான், யாரோடு சுற்றினான் என்பது இவர்கள் கணக்கில் வராது. முக்கியமாக, வெளி ஆளைத் திருத்தும் உரிமை இவர்களுக்கு அறவே கிடையாது. தன் பக்கத்து ஆளிடம் பேசுவது மட்டும்தான். அதற்குமேல் ஒரு அங்குலம் போனாலும் இவர்கள் காவலர் வேஷம் போட்ட ரவுடிகளாகிவிடுவார்கள். கட்சிகளின் மகளிர் பாதுகாப்புக் குழு முதல் காதலர் தினக் காவலர் வரை நாம் பார்க்காததா.

காற்றில் பரவும் சேதிக்கும் இதே பொறுப்பு உண்டு. 2019 பிப்ரவரியில் கொச்சியில் ஆடிய கால்பந்து ஆட்டத்துக்குப் பிறகு, அப்போது சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய சி.கே. வினீத், பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவனைத் திட்டினார் என்று ஒரு குரல் பதிவு பரவியது. தன்மேல் பொய்ப் பழி சுமத்தப்படுகிறது என்று கேரள பிளாஸ்டர்ஸின் ரசிகர் அமைப்பான மஞ்சப்படையின் மேல் அவர் போலீஸில் புகார் கொடுத்தார். அதற்கு முன்பு கேரள பிளாஸ்டர்ஸுக்கே ஆடியவர் அவர், மலையாளி, நேற்றுவரை அதே ரசிகர்கள் தோளில் தூக்கியவர். குரல் பதிவுக்கு ஒரு விசேஷம்: எழுதினால் யோசிப்பவன்கூட பேசும்போது யோசிப்பதில்லை, கேட்பவனும் குரலை நம்பிவிடுகிறான். ஆகையால் ஆட்டம் முடிந்த பிறகு வரும் எந்தக் குரல் பதிவையும் அன்றிரவு யாருக்கும் அனுப்புவதில்லை என்று குழு தீர்மானித்துக்கொள்ளலாம். மறுநாள் மதியம் வரை உயிரோடிருந்தால் அது சேதி, இல்லாவிட்டால் புகை.

குடியும் பந்தயமும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்நூறு ரூபாய் வைத்தவனுக்கு அவுட் என்பது அவுட் அல்ல, ஐந்நூறு ரூபாய். அவனிடம் எல்லை பற்றிப் பேசுவது வீண். குழு கூடும் இடத்தில் இரண்டும் கிடையாது என்று முதலிலேயே அறுத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டால் அத்தியாயம் அநியாயமாகிவிடும். ரசிகர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சை, பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள விரும்பும் அதிகாரிகள் மிகவும் விரும்புவார்கள். 1989 ஏப்ரல் 15-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்து நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிர் போனது. குடித்துவிட்டு வந்தவர்கள் கதவை உடைத்தார்கள் என்று அன்றே போலீஸ் பழியை அவர்கள்மேல் போட்டது. அவர்கள்மேல் தவறில்லை, அது சட்டவிரோதமான கொலை என்று ஜூரி சொல்ல 2016 ஆயிற்று, 27 ஆண்டுகள். 2025 ஜூன் 4-இல் பெங்களூர் சின்னசாமி மைதான வாசலில் கோப்பைக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் நெரிசலில் இறந்தபோதும், ‘ரசிகர்களுக்கு ஒழுக்கமில்லை’ என்ற குரல் உடனே கேட்டது. ஒரே நாளில் லட்சக்கணக்கானவரை வரவழைத்துவிட்டு, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்லாதிருந்தால், பக்கத்தில் நிற்பவனின் நல்ல குணத்தால் யாரும் பிழைக்க முடியாது. வாய்க்கு ரசிகன் பொறுப்பு. கதவுக்கும் படிக்கும் வழிக்கும் ஏற்பாட்டாளரும் அரசும் பொறுப்பு. உங்கள் குழு முப்பது பேரைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்கும்போது நீங்களும் சிறிய அளவில் ஏற்பாட்டாளர்தான். வெளியேறும் வழியை ஸ்பீக்கர் பெட்டியால் அடைத்துவிட்டு, நெருக்கியடிக்காதீர்கள் என்று மைக்கில் சொல்லாதீர்கள்.

தவறு செய்தவனை என்ன செய்வது? நிரந்தரமாக நீக்குவது வீரமாகத் தெரியும், பலன் தராது. இருநூறு அடி தள்ளிக் குடியிருப்பவனை நீக்கி எங்கே அனுப்புவீர்கள்? அவன் இன்னொரு திரை போடுவான், கோபத்தோடு போடுவான். ஒரு ஆட்டம் தள்ளியிருக்கச் சொல்லலாம். அடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட, முன்பு அவனிடம் பேசிய அதே ஆள் நேரில் போக வேண்டும். மன்னிப்பு கேட்கச் சொல்லி மேடை போட வேண்டாம். யாரைப் புண்படுத்தினானோ அவரிடம் அவன் தனியாகப் பேசினால் போதும், அது நடந்ததா என்று மற்றவர்கள் துருவ வேண்டாம். இரண்டாம் முறை அதையே செய்தால் ஒரு சீசன். அதற்கு மேற்பட்ட தண்டனைக்கு ஒரு தெருவுக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை.

கடைசியாக, ஆட்டம் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம். அநேகச் சண்டைகள் கடைசி ஓவரில் வருவதில்லை, டி.வி. அணைந்த பிறகு, யாருக்கும் செய்ய ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருக்கும்போது வருகின்றன. ஜப்பானிய ரசிகர்கள் 1998 கால்பந்து உலகக் கோப்பையிலிருந்து ஆட்டம் முடிந்ததும் தங்கள் பகுதிக் குப்பையைத் தாங்களே பொறுக்குகிறார்கள். 2018-இல் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முந்தியிருந்து கடைசி நொடிகளில் 3-2 என்று தோற்ற இரவிலும் நீலப் பைகளோடு குனிந்தார்கள். சுத்தம் பற்றிய பெருமை ஒருபுறம் இருக்கட்டும். தோற்றவன் கைக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை கிடைத்தது என்பதுதான் நமக்குப் பயன்படும் விஷயம். இங்கே வாடகை நாற்காலிகளை அடுக்குவதற்கு ஒரு மஞ்சளையும் ஒரு சிவப்பையும் ஜோடியாகப் போடுங்கள். பத்துப் பத்தாக அடுக்கி எண்ணி வைக்கட்டும். காலையில் வண்டியோடு வருகிற கடைக்காரர் எண்ணும்போது ஒன்று குறைந்தால், யார் தோற்றது என்று அவர் கேட்கமாட்டார். இருவரிடமும் பணம் கேட்பார்.